என் இடது கண் எப்படிப் போனது

அன்புள்ள மகனுக்கு,

உனக்கு ஏழு வயது இருக்கும்போது நுவரெலியா பஸ்ஸில் வைத்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். கம்பளையில் வாங்கிய மிக்சர் பாக்கெட்டைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தாய். புசல்லாவை தாண்டியபோது அது உப்பத் தொடங்கியது. ரம்பொடை வளைவுகளில் தலையணை மாதிரி ஆகிவிட்டது. நீ அதைத் தூக்கிக் காட்டி, "அப்பா, இத யாரு ஊதினது?" என்றாய். யாரும் ஊதவில்லை, உள்ளே இருப்பது கம்பளைக் காற்று, நாம் மேலே ஏற ஏற வெளியில் இருக்கும் காற்றின் அழுத்தம் குறைகிறது, அதனால் உள்ளே இருக்கும் காற்று விரிகிறது என்று சொன்னேன். நீ அத்தோடு விடவில்லை. "அப்ப எறங்கினா சப்பிருமா?" என்று கேட்டாய். பார்த்துவிடுவோம் என்றேன். திரும்பி வரும்வரை அந்தப் பாக்கெட்டை நீ பிரிக்கவே இல்லை. கம்பளையில் அது பழையபடி சப்பையானதும்தான் பிரித்துச் சாப்பிட்டாய். அதற்குப் பிறகு பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாயு விதிகள் படிப்பித்த ஒவ்வொரு முறையும் உன்னுடைய அந்தப் பாக்கெட்டில்தான் பாடத்தைத் தொடங்கினேன். மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதைக் கேட்ட பிறகு அந்தப் பாக்கெட் என் நினைவை விட்டுப் போகவில்லை. அலுவலகத்து சொப்ட்போல் மட்ச்சில் உன் வலது கண்ணில் பந்து பட்டு இரண்டு மாதமாகிவிட்டது. விழித்திரையின் நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறது, சிலருக்குத் தானாகவே மூடிக்கொள்ளும், பொறுத்துப் பார்ப்போம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். இப்போது அது மூடவில்லை, ஆபரேஷன் செய்யத்தான் வேண்டும் என்று திகதியும் கொடுத்துவிட்டார். அதற்கு நீ சொன்ன பதில் இது: "அப்பா, ஒங்களுக்குச் செஞ்சதப் பாத்தாச்சு. எனக்கு மத்தக் கண்ணு நல்லா இருக்கு. விடுங்க." போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அன்று போனை அப்படிக் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் இடது கண் ஆபரேஷனால் போகவில்லை. ஆறு வருடமாக உன்னிடமும், அம்மாவிடமும், கேட்ட எல்லோரிடமும் ஆபரேஷன் சரிவரவில்லை என்றுதான் சொல்லி வந்தேன். அது பொய். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். வகுப்பில் பாதியில் கேள்வி கேட்கும் பழக்கம் உனக்கு உண்டு. இதை மட்டும் முடியும்வரை வாசித்துவிட்டுக் கேள்.

எனக்கு வந்ததும் உனக்கு வந்திருப்பதும் ஒரே வியாதிதான். உனக்குப் பந்தால் வந்தது, எனக்கு வயதால் வந்தது. ஒரு நாள் முகம் கழுவும்போது வலது கண்ணுக்குள் சவர்க்காரம் போய்விட்டது. அதை மூடிக்கொண்டு இடது கண்ணால் மட்டும் பார்த்தேன். சுவரில் பதித்திருந்த ஓடுகளின் கோடுகள் நடுவில் நெளிந்து, ஓரிடத்தில் கிள்ளி எடுத்தது போல் தெரிந்தன. வலது கண்ணையும் திறந்தேன், எல்லாம் நேராகிவிட்டது. இந்த வியாதியின் குணம் அதுதான். நல்ல கண் மற்றக் கண்ணின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. அது எப்போது தொடங்கியது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. வலது கண்ணில் சவர்க்காரம் போயிராவிட்டால் இன்னும் ஒரு வருடம் தெரியாமலேயே இருந்திருப்பேன்.

கண்டி ஆஸ்பத்திரியின் கண் வார்ட்டில் என் பக்கத்துக் கட்டிலில் செல்லையா என்று ஒருவர் இருந்தார். புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்தவர். கவ்வாத்து வெட்டும்போது தேயிலைக் குச்சி கண்ணில் குத்தி, புண்ணாகி, கருவிழி மேல் வெள்ளையாகத் தழும்பு விழுந்திருந்தது. கருவிழிக்கு முன்னால் கண்ணாடி போல் இருக்கும் விழிவெண்படலத்தை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, இறந்துபோன யாரோ ஒருவர் தானம் செய்த கண்ணிலிருந்து அதே அளவுத் துண்டை வைத்துத் தைத்திருந்தார்கள். அந்தத் தையல் நூல் தலைமயிரை விட மெல்லியது. என்னுடைய நோய்க்கும் தன்னுடைய நோய்க்கும் என்ன வித்தியாசம் என்று அவர் கேட்டார். உங்கள் வீட்டுக்கு ஜன்னல் கண்ணாடி போய்விட்டது, மாற்றிவிட்டார்கள், எனக்குக் கண்ணாடி நல்லது, ஆனால் உள்ளே படம் விழுகிற சுவரில் பூச்சு பெயர்ந்துவிட்டது, சுவரை மாற்ற முடியாது, இருப்பதைத்தான் ஒட்ட வைக்க வேண்டும் என்றேன். அவருக்கு அது பிடித்துப்போனது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "நான் கண்ணாடிக் கேசு, சேர் செவரு கேசு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நல்ல பகிடிக்காரர். ஒரு நாள் காலையில் என்னிடம், "சேர், இது யாரு கண்ணுன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க. சிங்களம் படிச்ச மனுசன் கண்ணா இருந்தா, இனி பஸ் போர்ட்ட நானே வாசிச்சிருவேன்" என்றார். பக்கத்தில் நின்ற தாதிக்குத் தமிழ் விளங்கும். அந்தப் பிள்ளை சிரித்து, கையில் இருந்த மருந்துத் தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டது. ஆனால் மருந்து என்று வந்தால் செல்லையாவிடம் பகிடி கிடையாது. சொட்டு மருந்துக்கு நேரம் வரும்முன்பே கை கழுவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண்ணைக் கசக்கக் கூடாது என்று சொன்னதற்காகப் படுக்கும்போது கையை இடுப்பில் கட்டிய சாரத்துக்குள் செருகிக்கொள்வார். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. எனக்கு ஏன் எதற்கு எல்லாம் தெரியும். அதுதான் எனக்கு வினையாக வந்தது.

எனக்குச் செய்தது இதுதான், உனக்குச் செய்யப்போவதும் இதுதான். கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஊசி நுழையும் அளவுக்கு மூன்று துளை போடுவார்கள். உள்ளே நிரம்பியிருக்கும் ஜெலி போன்றதை வெளியே எடுப்பார்கள். விழித்திரையின் மேலிருந்து வெங்காயத்தின் உள்தோலை விட மெல்லிய ஒரு படலத்தை உரித்து எடுப்பார்கள். கடைசியில் கண்ணுக்குள் ஒரு வாயுவை நிரப்புவார்கள். அந்த வாயுக் குமிழி ஓட்டையின் மேல் அழுத்திக்கொண்டிருந்தால் அதன் ஓரங்கள் மெல்ல மெல்ல ஒன்று சேரும். நீ கட்டட வரைபடம் போடுகிறவன், சுவர் கட்டும் பாஸ்மார் கையில் வைத்திருக்கும் நீர்மட்டத்தைப் பார்த்திருப்பாய். எப்படிச் சரித்தாலும் குமிழி மேலேதான் ஏறும். கண்ணின் பின்சுவரில் குமிழி அழுத்த வேண்டுமானால் பின்சுவர் மேலே இருக்க வேண்டும். அதற்காகத்தான் நாள்கணக்கில் குப்புறப் படுக்கச் சொல்கிறார்கள். வாயு சில கிழமைகளில் தானாகவே கரைந்துவிடும்.

நான் குப்புறப் படுத்தேன், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. வார்ட்டிலிருந்து அனுப்பும்போது டொக்டர் என்னைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னார். வாயு கரையும்வரை விமானத்தில் ஏறக் கூடாது, மலை ஏறக் கூடாது. கண்டியில் இருக்கலாம், நம் வீடு இருக்கும் குண்டசாலையில் இருக்கலாம், அதற்கு மேலே போகவே கூடாது. நுவரெலியா என்று பெயரைச் சொல்லியே சொன்னார். கண்ணுக்குள் வாயு இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதிய பச்சைப் பட்டி ஒன்றை என் கையில் கட்டினார்கள். அம்மா அப்போது மருந்து எடுக்கக் கீழே போயிருந்தாள். கேட்டது நானும் பக்கத்துக் கட்டிலில் இருந்த செல்லையாவும்தான்.

உன் அத்தை மகள் கல்யாணம் நுவரெலியாவில், அடுத்த கிழமை. நீ அப்போது வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போன புதிது, லீவு கிடைக்கவில்லை. அத்தைக்கு நான் ஒரே அண்ணன். தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப் போக வேண்டும். அந்தப் பிள்ளை பிறந்த நாளிலிருந்து அத்தை அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். டொக்டர் போனதும் செல்லையா என்னைப் பார்த்தார். கல்யாண விஷயம் அவருக்குத் தெரியும், நானே சொல்லியிருந்தேன். "போயிறாதீங்க சேர்" என்றார். நான் பையை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். அதைப் பார்த்து, "மாமன் வரலேன்னா பெரியப்பனோ சித்தப்பனோ மால போடுவாங்க. கல்யாணம் நின்னா போவும்?" என்றார். சிரித்துவிட்டுப் பையை அடுக்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பட்டியைப் பார்த்து இது என்ன என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் பேர் எழுதிக் கட்டியது என்றேன். கல்யாணத்துக்குப் புறப்பட்ட அன்று நகம் வெட்டும் கத்திரியால் அதை வெட்டி மேசை லாச்சிக்குள் போட்டேன். நான் ஹேவாஹெட்ட தோட்ட லயத்தில் பிறந்து, பனிக்குள் நடந்து பள்ளிக்கூடம் போனவன். நுவரெலியா எனக்குத் தங்கச்சி வீடு. டொக்டர் மலை என்று சொன்னது என் காதில் விழுந்தது, ஆனால் தங்கச்சி வீட்டை மலை என்று என் மனம் எடுத்துக்கொள்ளவில்லை. மெதுவாகப் போனால் கண் பழகிக்கொள்ளும் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பரீட்சையில் ஒரு பிள்ளை அப்படி எழுதியிருந்தால் சைபர் போட்டிருப்பேன்.

வேனில் போனோம். கம்பளையில் நிறுத்தி அம்மா பூவும் மிக்சரும் வாங்கினாள். பாக்கெட் அவள் மடியில் இருந்தது. புசல்லாவை தாண்டியபோது அது உப்பத் தொடங்கியது. மகனே, நான் அதைப் பார்த்தேன். நல்ல கண்ணால் பார்த்தேன். இருபது வருடம் அதை வைத்துப் பாடம் நடத்தியவன் நான். என் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பது எனக்கு முன்னால் அம்மாவின் மடியில் இருந்தது. வேனைத் திருப்பச் சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் ஏன் என்று கேட்பார்கள். தெரிந்துகொண்டே ஏன் ஏறினீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து பேசாமல் இருந்தேன். ரம்பொடையில் கண்ணுக்குள் கல்லை வைத்து அழுத்துவது போல் வலித்தது. வாந்தி எடுத்தேன். வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அம்மா தேசிக்காயை மூக்கில் பிடித்தாள்.

மறுநாள் காலையில் வலது கண்ணை மூடிப் பார்த்தேன். இடது கண்ணுக்கு ஜன்னல் வெளிச்சம்கூடத் தெரியவில்லை. உள்ளே வாயு விரிந்து அழுத்தம் ஏறி, விழித்திரைக்குப் போகும் இரத்தம் நின்றுவிட்டிருந்தது. நேரத்துக்கு மாலை போட்டேன். அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். கல்யாணப் படத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்பதை நீ பார்த்திருக்கிறாய்.

அடுத்த நாள் கிளினிக்கில் டொக்டர் அழுத்தம் பார்த்துவிட்டு, எங்கே போனீர்கள் என்று ஒரே கேள்விதான் கேட்டார். அவரிடம் பொய் சொல்லவில்லை. அவர் திட்டவும் இல்லை. உயரமான இடத்துக்குப் பயணம் செய்ததாக அட்டையில் எழுதினார். தன்னால் செய்யக்கூடியதைச் செய்தார், பலன் இல்லை. வெளியே காத்திருந்த அம்மாவோடு திரீவீலில் ஏறியதும் அவள், "என்னங்க சொன்னாரு?" என்று கேட்டாள். "ஆபரேஷன் சரிவரல" என்றேன். அவ்வளவுதான். தாய்மாமன் கண் போன கல்யாணம் என்று அந்தப் பிள்ளையின் தலையில் பழி விழக் கூடாது, அதற்காகத்தான் மறைத்தேன் என்று பிற்பாடு எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. விஞ்ஞானம் படிப்பித்தவன் இப்படிச் செய்தான் என்று ஊர் பேசக் கூடாது என்பதுதான் மற்றப் பாதி. பெரிய பாதியும் அதுதான்.

ஒரு வருடம் கழித்து கிளினிக் வரிசையில் செல்லையாவைச் சந்தித்தேன். அவர் கண் தெளிவாக இருந்தது. தையலில் பாதியை எடுத்துவிட்டார்களாம், மருந்தை இன்னும் கண்ணில் விடுகிறாராம். சிங்களம் மட்டும் வரவில்லை என்றார். பிறகு, "சேருக்கு எப்படி?" என்று கேட்டார். அவருக்கும் அதே பதிலைச் சொன்னேன். அவர் என் கையைப் பார்த்தார், பட்டி இருந்த இடத்தை. போகும்போது மட்டும் வழக்கமாகச் சொல்லும் "சேர்" இல்லாமல், "வர்றேங்க" என்றார்.

நான் சொன்ன பொய் ஒருவருக்கும் கெடுதல் செய்யாது என்று நினைத்திருந்தேன். எனக்கு ஆபரேஷன் செய்த டொக்டர் எங்கோ மாற்றலாகிப் போய்விட்டார், அவர் காதுக்கு எட்டப்போவதில்லை. அது சுற்றி வந்து உன் கண்ணில் விழும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்வது பயத்தாலோ பிடிவாதத்தாலோ இல்லை. அப்பாவுக்கு நடந்ததைப் பார்த்து, யோசித்து எடுத்த முடிவு அது. ஆனால் நீ பார்த்தது நடந்ததை இல்லை. கிளினிக் அட்டை அலுமாரியில் கல்யாணப் பத்திரிகைக்குக் கீழே இருந்தது. அதன் படத்தையும் இதோடு அனுப்புகிறேன், நீயே வாசித்துப் பார்.

இன்று காலையில் அம்மாவிடம் சொன்னேன். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். கோப்பை ஆறிப்போனது. நான் கண்ணை விட்டதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அந்த டொக்டர் மனுசன எத்தன கல்யாண வீட்டுல, எத்தன சாவு வீட்டுல வச்சுத் திட்டியிருக்கேன்" என்றாள். பிறகு எழுந்து போய்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "அவனுக்கு எழுதி அனுப்புங்க. போன்ல சொன்னீங்கன்னா பாதியில வெட்டிருவான்" என்றாள். மத்தியானம் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

இதை வாசித்ததும் ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வேண்டும் என்று நான் கட்டளை போட மாட்டேன். அந்த உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், முடிவு உன்னுடையது. ஓட்டை மூடினாலும் பார்வை முழுதாகத் திரும்பும் என்று எந்த டொக்டரும் எழுதித் தர மாட்டார். உனக்குப் பந்து பட்ட கண், உள்ளே வேறு காயம் ஏதும் இருக்கிறதா என்று அவரிடம் கேள். கொஞ்சக் காலத்தில் அந்தக் கண்ணுக்குப் புரை வந்து இன்னொரு சின்ன ஆபரேஷன் தேவைப்படலாம், அதையும் கேள். ஓட்டை பழையதாகப் பழையதாக மூடுவது கடினம், அதனால் எத்தனை நாள் தள்ளலாம் என்பதை முதலில் கேள். என்னைப் பற்றியும் சொல், அட்டையைக் காட்டு. என் அப்பாவுக்கு ஆபரேஷன் சரிவரவில்லை என்று மட்டும் இனி எங்கேயும் சொல்லாதே.

சம்மதித்தால் இங்கே வா. திகதி கொடுத்தது கொழும்பில் என்றால் கண்டிக்கு மாற்ற முடியுமா என்று கேட்போம், முடியாவிட்டால் நானும் அம்மாவும் அங்கே வருகிறோம். குப்புறப் படுப்பதைப் பற்றி யோசிக்காதே, அதில் எனக்கு அனுபவம் இருக்கிறது. இரண்டு தலையணையை இடைவெளி விட்டு வைத்தால் மூச்சு முட்டாது. கதிரையில் குனிந்து உட்கார, மேசை விளிம்பில் நெற்றிக்குத் துணிச்சுருள் கட்டித் தருகிறேன். சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொள்ளலாம், போனைத் தரையில் வைத்து மட்ச் பார்க்கலாம். கழுத்து நோகும், அம்மா தைலம் போடுவாள். அந்தச் சில கிழமைக்குள் மலை மேலே ஹட்டனிலிருந்து உன் மாமியார் வீட்டில் விசேஷம் என்று கூப்பிட்டால் போனை என்னிடம் கொடு. ஏன் வர முடியாது என்பதை நான் சொல்கிறேன். என்னைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. பட்டி கட்டினால் எல்லோருக்கும் தெரிகிற மாதிரிக் கட்டிக்கொள்.

மற்றக் கண் நல்லா இருக்கிறது என்று நீ சொன்னாய். எனக்கும் இருந்தது. அதனால்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று நான் ஒரு நாளும் பார்க்கவில்லை, நீயும் பார்த்திருக்க மாட்டாய். பதில் சொல்லும் முன் ஒன்றே ஒன்று செய். நாளைக் காலை வேலைக்குப் போனதும், நீ வரைந்த வரைபடம் ஒன்றை எதிரே விரித்து வை. இடது கண்ணை உள்ளங்கையால் நன்றாக மூடிக்கொள். நீயே அளவுகோல் வைத்துப் போட்ட ஒரு நேர்கோட்டை வலது கண்ணால் மட்டும் பார்.